அத்தையின் வயசு

அந்த அலுவலகத்தில் அத்தை என்றால் யாருடைய அப்பாவுக்கும் அக்கா இல்லை. கடலுக்கு அடியில் இருக்கும் ஓர் எரிமலையின் வாய்க்குள், இருநூற்றைம்பது மீட்டர் ஆழத்தில், எட்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் மூன்றாம் எண் கருவிக்குத்தான் அந்தப் பெயர். இறக்கிய நாளிலிருந்தே அதற்கு ஏதாவது ஒரு குறை. ஒரு நாள் சேதி பாதியில் நிற்கும், இன்னொரு நாள் வரவே வராது. யாரோ கடுப்பில், “அத்தை இன்னைக்கும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க” என்று சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது.

அத்தைக்கு வேலை ஒன்றுதான். தன் தலைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் கனக்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்ல வேண்டும். மலை உள்ளே பொருமித் தரையைத் தூக்கினால் தலைக்கு மேல் தண்ணீர் குறையும், எண் இறங்கும். தரை அமிழ்ந்தால் எண் ஏறும். சொல்வதை ஒலியாகச் சொல்லும். மேலே மிதக்கும் மிதவை அதைக் கேட்டுச் செயற்கைக்கோளுக்குத் தூக்கிப்போடும். கோள் இந்த அலுவலகத்துக்கு அனுப்பும். மலையின் ஓரங்களில் ஒன்றாம் எண்ணும் இரண்டாம் எண்ணும் இதே வேலையைப் பார்க்கின்றன. அவை வாயில்லாப் பூச்சிகள், பட்டப்பெயர் கிடைக்கவில்லை.

இந்த மூன்றும் சொல்வதை வாங்கி அறிக்கை எழுதுகிறவள் பெரியவள். வீட்டில் அவள் அப்பா கூப்பிடுகிற பெயர் அது, நமக்கும் அதுவே போதும். நாற்பத்தேழு வயது. பதினேழு வருடமாக இந்த எண்களோடு மாரடிக்கிறாள். காலையில் கிளம்பும்போதே சாயங்காலத்துக்கான களைப்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருகிற முகம். அவளைப் பார்த்துவிட்டு, “உடம்பு சரியில்லையா?” என்று கேட்காத ஆள் அந்தக் கட்டடத்தில் இல்லை. கேட்டுக் கேட்டு அவர்களுக்கே அலுத்துப்போய் இப்போது விட்டுவிட்டார்கள்.

இந்தக் கருவிகளில் ஒரு சிக்கல் உண்டு. அத்தனை பாரத்தையும் ஓயாமல் சுமந்துகொண்டு கிடப்பதால், வருடம் போகப் போக அவை தாமாகவே கொஞ்சம் பொய் சொல்ல ஆரம்பிக்கும். தரை அசையாவிட்டாலும் எண் அசையும். புத்தகத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. அலுவலகத்தில் ‘வயசு’ என்பார்கள். மாதாந்திர அறிக்கை போடும்போது முதல் வேலை வயசைக் கழிப்பது. கழித்தபின் மிச்சம் நிற்பதுதான் மலையின் உண்மையான அசைவு.

எவ்வளவு கழிப்பது என்று சொல்லக் கப்பல் போக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை போய், புதிதாகச் சரிபார்த்த ஒரு கருவியைக் கயிற்றில் இறக்கி, பழையதன் பக்கத்தில் அரை நாள் வைத்து, இரண்டும் சொல்வதை ஒப்பிட்டு, இதற்கு வயசு இவ்வளவு என்று முடிவு செய்வார்கள். முறை என்றால் அதுதான் முறை. ஆனால் இரண்டு வருடத்துக்கும் மேலாகக் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தை விட்டு வெளியே வரவே இல்லை. மலைக்குப் பக்கத்தில் அதிர்வைக் கேட்க வைத்திருந்த கருவியும் போன வருடம் வாயை மூடிக்கொண்டது. அதை மாற்றவும் கப்பல்தான் வேண்டும். அறிக்கை மட்டும் மாதம் தவறாமல் போயாக வேண்டும்! இது என்ன நியாயம் என்று யாரும் கேட்கவில்லை.

அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்த வாரத்தில், ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்துக்கும் அலைந்து நாக்குத் தள்ளிப்போயிருந்த ஒரு மத்தியானத்தில், பெரியவள் கணினியில் நாலு வரி எழுதிவைத்தாள். கடைசி ஆறு மாதத்தில் எண் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, அந்தச் சாய்வு முழுவதையும் வயசு என்று எடுத்துக்கொண்டு கழித்துவிடு. கப்பல் கிளம்பும் வரைக்கும்தானே என்று நினைத்தாள். தற்காலிக ஏற்பாடு. இந்த உலகத்தில் அசையாமல் நிற்பதெல்லாம் இப்படித் தற்காலிகமாக வைத்ததுதான்.

அன்றிலிருந்து இருபத்தாறு மாதம். மூன்று கருவிகளின் கோடும் அறிக்கையில் ஏற்ற இறக்கம் இல்லாமல் படுத்துக் கிடந்தது. ஒவ்வொன்றின் கீழும் பெரியவளின் கையெழுத்து. நாலு மாதத்துக்கு முன்னால் அவளே ஒரு குறிப்பும் எழுதினாள்: மூன்றாம் கருவிக்கு வயசு அளவுக்கு மீறிப் போய்விட்டது, அதை எடுத்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும். அந்தக் குறிப்பைக் காட்டித்தான் கப்பலுக்கு அனுமதி வாங்கினார்கள்.

கப்பலில் போயிருப்பது அவளுடைய தங்கை, சின்னவள். சின்னவள் இல்லாமல் அந்தக் கருவிகளை யாரும் தொட முடியாது. சிறு படகில் மிதவைக்குப் பக்கத்தில் போய், தண்ணீருக்குள் ஒலி அனுப்பி, கீழே இருக்கும் கருவியைத் தன் பாரத்தைக் கழற்றிவிடச் சொல்லி, அது மேலே மிதந்து வந்ததும் கொக்கி போட்டு இழுக்கிறவள் அவள்தான். இரண்டு வருடமாகக் கடலைப் பார்க்காமல் பித்துப் பிடித்த மாதிரி இருந்தவள், அனுமதி வந்த அன்று வீட்டுக் கூடத்தில் குதித்தாள். பெரியவளுக்குக் குதிக்கத் தோன்றவில்லை. வீட்டில் அப்பாவை இருவரும் ஆளுக்கு ஒரு வேளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி இரண்டு வேளையும் அவள் தலையில்.

கப்பல் ஆறு நாளாகப் போய்க்கொண்டிருந்தது. நாளைக் காலை எட்டு மணிக்கு மலைக்கு மேல் நிற்கும்.

“முட்டி வலிக்குதுடி,” என்றார் அப்பா. காலை ஏழரை மணி. ஒரு கையில் அவருடைய மாத்திரை டப்பாவும் இன்னொரு கையில் தன் செருப்புமாகப் பெரியவள் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்றாள்.

“வயசுப்பா. தைலம் தேய்ச்சு விட்டேன்ல.”

“சும்மா வயசு வயசுன்னு சொல்லாதே. எனக்கு வயசானது இன்னைக்கு நேத்தா? போன மாசம் இந்த நாற்காலியிலேர்ந்து நானா எந்திரிச்சேன். இப்ப முடியல.”

“அதான்ப்பா வயசு.”

“நாப்பது வருஷம் பஸ்ஸைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டினவன் சொல்றேன், கேளு. தேய்மானம்னா அது பாட்டுக்கு ஒரே சீரா தேயும். திடீர்னு கூடுச்சுன்னா அது தேய்மானம் இல்ல. வேற எங்கயோ கோளாறு. இதைச் சொன்னா என் மேனேஜருக்கும் புரியாது, உனக்கும் புரியாது.”

“சாயங்காலம் வந்து புரிஞ்சுக்கறேன். பஸ் போயிடும்.”

எதிர்வீட்டு அம்மா மத்தியானம் வந்து எட்டிப் பார்ப்பார். சாவியை அங்கே கொடுத்துவிட்டு ஓடினாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் நடுவே தூங்கினாள். அது அவளுக்குப் பழக்கமாகிப்போன வித்தை.

அன்று மாத அறிக்கை நாள். மேஜையில் உட்கார்ந்து வழக்கம்போல மூன்று கருவிகளின் எண்களையும் உள்ளே விட்டாள். கணினி வயசைக் கழித்தது, கோட்டை நேராக்கியது. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. பேனா மூடியைக் கழற்றினாள். தேய்மானம்னா ஒரே சீரா தேயும். சனியன், அப்பாவின் பேச்சு பாட்டு மாதிரி காதிலேயே நின்றது.

கழித்ததை எல்லாம் கணினி ஒரு தனிக் கோப்பில் போட்டுவைத்திருந்தது. இருபத்தாறு மாதமாக யாரும் அதைத் திறந்ததில்லை. வேண்டாம் என்று கழித்ததை யார் மெனக்கெட்டுத் திறந்து பார்ப்பார்கள்? பெரியவளும் ஆராய்ச்சி வேட்கையில் திறக்கவில்லை. அப்பாவின் குரலை அடக்கத்தான் திறந்தாள். அத்தையின் வயசு ஒரே சீராகத்தான் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

சீராகப் போகவில்லை.

முதல் பத்தொன்பது மாதம் வயசு நல்லபடியாக, மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று நகர்ந்திருந்தது. ஏழு மாதத்துக்கு முன்னால் கோடு மடங்கியது. மூன்று சென்டிமீட்டர், நாலு, ஆறு. போன மாதம் மட்டும் ஒன்பது. ஏழு மாதத்தில் மொத்தம் நாற்பத்தோரு சென்டிமீட்டரை, கருவிக்கு வயசாகிவிட்டது என்று சொல்லிக் கழித்துத் தள்ளியிருந்தாள்.

அவள் உடனே அலறிக்கொண்டு ஓடவில்லை. அத்தைதானே, அது பழைய கோளாறு பிடித்தது, ஒருவேளை உண்மையாகவே கெட்டுப்போயிருக்கலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொன்னாள். ஒன்றாம் எண்ணின் கோப்பைத் திறந்தாள். அதே மாதம், அதே மடிப்பு. பதின்மூன்று சென்டிமீட்டர். இரண்டாம் எண்ணையும் திறந்தாள். இரண்டாம் எண்ணுக்கு ஒரு தனிக் குணம். மற்ற இரண்டுக்கும் வயசானால் எண் இறங்கும், அதற்கு மட்டும் ஏறும். ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதே ஏழு மாதத்துக்கு முன்னால் நின்று, திரும்பி, கீழே இறங்கத் தொடங்கியிருந்தது.

யாருக்காவது வயசு குறையுமா? பெரியவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கருவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மலைதான் ஏழு மாதமாகத் தரையைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. அத்தை தினமும் அதைச் சொல்லியிருக்கிறாள். கிழவி உளறுகிறாள் என்று மாதாமாதம் துடைத்துவிட்டு, போதாக்குறைக்கு, அவளை அங்கிருந்து எடுத்துவிடுங்கள் என்று எழுதியும் கொடுத்து, எடுத்துவரத் தன் தங்கையையே அனுப்பியிருக்கிறாள் இந்த மகராசி.

நாளைக் காலை எட்டு மணிக்குச் சின்னவள் அந்த வாய்க்கு நேர் மேலே, ஒரு சிறு படகில், கொக்கியோடு நிற்பாள். ஐந்து நாள் அங்கேதான் வேலை.

பேசாமல் இருந்துவிடலாமா என்றும் ஒரு நொடி நினைத்தாள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தக் கோப்பை யாரும் பார்க்கப்போவதில்லை. ஐந்து நாள்தான். மலைகள் வருடக்கணக்கில் பொருமிவிட்டு அப்படியே அடங்கிப்போவதும் உண்டு. கோப்பை மூடிவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். அந்த நொடியில் பயத்தைவிட அசதிதான் பெரிதாக இருந்தது. பிறகு எழுந்துகொண்டாள். முட்டியில் கை ஊன்றித்தான் எழுந்தாள்.

இயக்குநருக்கு அலுவலகத்தில் ‘பார்க்கலாம்’ என்று பெயர். எதைக் கேட்டாலும், “பார்க்கலாம், பார்க்கலாம்” என்பார். கெட்ட மனிதர் இல்லை. முடிவெடுக்கச் சொன்னால் முகம் வேர்க்கும், அவ்வளவுதான். பெரியவள் மூன்று தாள்களையும் அவர் முன்னால் பரப்பினாள்.

“சார், ரெண்டாம் நம்பருக்கு வயசு குறையுது.”

“என்னது?”

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. பத்து நாள் முன்னாடி இதே ரூம்ல வந்து நின்னீங்க. தங்கச்சி பயணத்தை ஒரு மாசம் தள்ளிப்போட முடியுமா, வீட்ல அப்பாவைத் தனியா சமாளிக்க முடியலன்னு கேட்டீங்க.”

“கேட்டேன்.”

“நான் முடியாதுன்னு சொன்னேன்.”

“பார்க்கலாம்னு சொன்னீங்க சார்.”

“சரி, ரெண்டும் ஒண்ணுதான். இப்ப கப்பலைத் திருப்பணும்னு வந்து நிக்கறீங்க. ரெண்டு வருஷம் கெஞ்சி வாங்கின கப்பல். மேல இருக்கறவங்க என்ன நினைப்பாங்க, சொல்லுங்க?”

அவர் கேட்டது அநியாயமாகத் தெரியவில்லை. அவளே தன்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு நாளாக ஒவ்வொரு காலையும், கப்பலில் ஏதாவது கோளாறு வந்து தங்கை திரும்பிவிட மாட்டாளா என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டவள் அவள். கண்ணால் பார்த்த மடிப்பு அங்கே இருக்கிறதா, அல்லது தான் பார்க்க விரும்பினாளா?

“அது அன்னைக்கு சார். இது மலை.”

“எழுதிக் குடுப்பீங்களா?”

எழுதினாள். ‘கடைசி ஏழு மாத அறிக்கைகளிலும் தரையின் உயர்வு கருவியின் வயசு என்று கழிக்கப்பட்டுள்ளது. அந்த முறையை ஏற்படுத்தியவள் நான். தவறு என்னுடையது. கப்பல் மலையை நெருங்கக் கூடாது.’ கையெழுத்தும் தேதியும் போட்டாள். பதினேழு வருட வேலையை ஒரே தாளில் தானே கிழித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. இயக்குநர் அதை இரண்டு தடவை படித்தார். பார்க்கலாம் என்று சொல்லவில்லை. தொலைபேசியை எடுத்தார்.

நாலு மணிக்குச் சின்னவள் கூப்பிட்டாள். செயற்கைக்கோள் தொலைபேசியில் ஒருவர் பேசியது அடுத்தவருக்குப் போய்ச் சேர இரண்டு நொடி ஆகும். சண்டை போடுவதற்கு அதைவிட மோசமான கருவி கிடையாது.

“இருபது மைல் தள்ளி நிக்கச் சொல்றாங்க. நீயாக்கா சொன்னே?”

“நான்தான். மூணு கருவியிலயும்...”

“தெரியும், படிச்சேன். நாலு மாசம் முன்னாடி, அத்தைக்கு வயசாச்சு, தூக்கணும்னு சொன்னே. இப்ப வயசே இல்லங்கறே. எதை நம்பறது?”

“இப்ப சொல்றதை நம்பு.”

இரண்டு நொடி.

“அக்கா, அப்பாவைப் பாத்துக்க முடியலன்னா முடியலன்னு நேரா சொல்லு. நான் வந்துடறேன். அதுக்கு ஏன் எரிமலையைக் கூட்டிட்டு வர்றே?”

பெரியவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இணைப்பு போய்விட்டது. போனதா, அவள் வைத்தாளா என்று தெரியவில்லை.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். கப்பல் இருபது மைல் தள்ளி, சும்மா, ஊரார் எண்ணெயை எரித்துக்கொண்டு நின்றது. அலுவலகத்தில் யாரும் அவளை நேராக ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர் மட்டும், “நம்ம அத்தைக்கு இன்னைக்கு எத்தனை வயசு?” என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். அவரும் அந்தக் கோடுகளைப் பார்த்துத் தலையாட்டியவர்தான். இருபத்தாறு மாதத்தில் ஒருநாளும் கேட்காத கேள்வி அது.

மூன்றாம் நாள் அரை நாள் விடுப்பு எடுத்து அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் முட்டியை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். “இது வயசு இல்லம்மா. உள்ள நீர் கோத்துக்கிட்டிருக்கு. எத்தனை நாளா சொல்றாரு?” என்று கேட்டார். ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தபோது பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று சக்கர வண்டியில் திரும்பி வரும்போது அப்பா வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டு, முகத்தில் ஒரு மிதப்போடு உட்கார்ந்திருந்தார். சொன்னேன்ல என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

“மன்னிச்சுக்கப்பா,” என்றாள்.

“முட்டியை விடு. சின்னவ போன் பண்ணாளா?”

“இல்ல.”

நாலாம் நாள் அத்தையின் எண் நின்றுவிட்டது. கருவி நிற்கவில்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காகச் சேதி வந்தது. ஆனால் ஏழு மாதமாக இறங்கிக்கொண்டே இருந்த எண் அசையாமல் நின்றது. தரை எழும்புவது நின்றுவிட்டது என்று அர்த்தம். மலை அடங்கிவிட்டதா, அல்லது நிரம்பிவிட்டதா என்று சொல்ல அங்கே இப்போது ஒரு கருவியும் இல்லை. பெரியவள் அன்று முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு இயக்குநர் கூப்பிட்டார். எதிரே தொலைபேசி திறந்து கிடந்தது. மறுமுனையில் கேப்டன்.

“நாளைக்குக் கப்பல் கிளம்பியாகணும்,” என்றார் இயக்குநர். “வெறுங்கையோட வர்றதான்னு கேக்கறாங்க. எண்ணும் நின்னுபோச்சு இல்லையா? ஆறு மணி நேரம் போதுமாம். கப்பல் தூரத்திலேயே நிக்கும். படகுல மட்டும் ரெண்டு பேர் போய் அத்தையைத் தூக்கிட்டு வந்துடறாங்களாம். உங்க தங்கச்சிதான் எழுதிக் கேட்டிருக்காங்க. அவங்க பொறுப்புலேயே போறாங்களாம்.”

“எப்ப போகணுமாம்?”

“இப்ப சரின்னா மத்தியானம் ரெண்டு மணிக்கு மிதவைகிட்ட இருப்பாங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். கையெழுத்து உங்களுது, நீங்க சொல்லுங்க.”

சரி என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். தங்கையின் கோபம் தீரும், அலுவலகத்தின் கிண்டல் தீரும், தான் சுயநலத்துக்குக் கப்பலைத் திருப்பினாள் என்ற பேச்சு தீரும். அத்தை மேலே வந்துவிட்டால், அவளுக்கு வயசானதா இல்லையா என்பதும் தெரிந்துபோகும். தனக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. தெரியாது என்பதைத் தெரியும் என்று இருபத்தாறு மாதம் எழுதிக்கொடுத்தாயிற்று.

“வேண்டாம் சார்.”

“காரணம் என்ன சொல்றது?”

“எனக்குத் தெரியல. அதான் காரணம்.”

தொலைபேசியில் கேப்டன் பெருமூச்சு விட்டது கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு கதவு அறைந்து சாத்தப்பட்டது. அது யார் கை என்று பெரியவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு வந்த சேதியில் அத்தையின் எண் கொஞ்சம் ஏறியிருந்தது. பெரியவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். இருபதுக்கு வந்ததில் இன்னும் ஏறியிருந்தது. தரை எழுபது சென்டிமீட்டர் அமிழ்ந்துவிட்டது. ஏழு மாதமாகத் தூக்கியதை எல்லாம் பத்தே நிமிடத்தில் கீழே விட்டால், உள்ளே இருந்தது வெளியே வருகிறது என்று அர்த்தம். முப்பதுக்கு வந்தது ஒன்றரை மீட்டர். நாற்பதுக்குச் சேதி வரவில்லை. ஐம்பதுக்கும் வரவில்லை. மிதவை போய்விட்டது. எட்டு வருடமாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அத்தை கடைசிச் சேதியை மட்டும் ஒரு எழுத்துக் குறையாமல் அனுப்பியிருந்தாள்.

அறையில் எல்லோரும் அவள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். பக்கத்து மேஜைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். யாரோ, “நல்லவேளை, நல்லவேளை” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவளுக்குப் பெருமையும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இரண்டு மணிக்கு மிதவைகிட்ட இருப்பாங்க. அந்த ஒரு வரிதான் மண்டைக்குள் ஓடியது. மூன்று மணிச் சேதி வருமா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது.

“அக்கா.”

“ம்.”

“இங்கேர்ந்தே தெரியுதுக்கா. வெள்ளையா, அடிவானம் முழுக்க. கப்பலோட அடியில யாரோ சம்மட்டியால அடிக்கிற மாதிரி சத்தம். மிதவை இருந்த பக்கம் கடலே பச்சையா கொதிக்குது. ரெண்டு மணிக்கு நான் அங்க இருந்திருப்பேன்.”

“நீ அங்க இல்லல்ல. விடு.”

“நீ என்னை வரவழைக்கத்தான் இப்படிப் பண்றேன்னு கப்பல்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். கேப்டன்கிட்டகூட சொன்னேன். அவளால தனியா முடியல, அதான்னு...”

“அதுவும் உண்மைதாண்டி.”

இரண்டு நொடி ஆனது. அதற்கு மேலும் ஆனது.

“என்னக்கா சொல்றே?”

“நீ திரும்பி வந்துட்டா நல்லா இருக்கும்னு தினமும் நினைச்சேன். மடிப்பைப் பார்த்ததும் பயமும் வந்துச்சு. அப்பாடா, இவ வந்துடுவான்னும் தோணுச்சு. எதுக்காகக் கப்பலைத் திருப்பினேன்னு இன்னைக்கு ரெண்டு மணி வரைக்கும் எனக்கே தெரியாது.”

மறுமுனையில் சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு தயங்கித் தயங்கிப் பேசினாள். “இன்னொண்ணு... கேப்டன் கேக்கறார். மேல இருக்கறவங்களே சொல்லிட்டாங்களாம், இன்னும் மூணு வாரம் இங்கேயே தள்ளி நின்னு பாருங்கன்னு. இது அடங்கினதும் புதுக் கருவி இறக்கணும். இப்ப விட்டா இந்த மாதிரி இன்னொரு தடவை கிடைக்காது. ஆனா நான் முடியாதுன்னு சொல்லிட்டு நடுவுல சாமான் கொண்டுவர்ற படகுல ஏறி வந்துடறேன். நிஜமா வந்துடறேன்க்கா.”

மூன்று வாரம். பெரியவள் எதிரே இருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். இருபத்தொரு ஏழரை மணி. இருபத்தொரு மாத்திரை டப்பா. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவே நிற்கிற இருபத்தொரு காலை.

“இரு,” என்றாள்.

“அக்கா, முடியலன்னா சொல்லு. இந்தத் தடவை நம்பறேன்.”

“முடியல,” என்றாள் பெரியவள். “இரு.”

தொலைபேசியை வைத்துவிட்டு, ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்கப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.